காடே இல்லாத ஊர்ல கேம்ப்பிங்கா? மல்லாங்கிணறு டு திருச்சுழி... ஒரு கரிசல் வீக் எண்ட் கைடு!

"மச்சி, இந்த சனி, ஞாயிறு எங்கயாச்சும் காட்டுக்குள்ள டென்ட் போட்டுப் படுத்துடுவோம். ரிசார்ட் வேணாம், ரூம் வேணாம், டவரே இருக்கக் கூடாது!"

உங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் யாராவது ஒருத்தர் இப்படி ஆரம்பித்திருப்பார். அடுத்த பத்து நிமிடத்தில் நாலு ரீல்ஸ் வரும். எல்லாவற்றிலும் பனி, பைன் மரம், குட்டி அடுப்பில் கொதிக்கிற நூடுல்ஸ். வியாழக்கிழமை வரைக்கும் பேச்சு பறக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி "லீவு கிடைக்கல மச்சி" என்று முடியும்.

இந்தக் கட்டுரை அந்த வெள்ளிக்கிழமையைத் தாண்ட நினைப்பவர்களுக்கு. மதுரையிலிருந்து சுமார் ஒரு மணி நேரம், விருதுநகரிலிருந்து அரை மணி நேரம் வண்டி ஓட்டினால் மல்லாங்கிணறு. அங்கிருந்து காரியாபட்டி, திருச்சுழி, கமுதி என்று விரியும் வறண்ட கரிசல் பூமியில் ஒரு ராத்திரி தங்கி, மண்பாதைகளில் வண்டி ஓட்டிவிட்டு வர என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் பார்க்கப்போகிறோம். டாய்லெட், குழாய், பிளக் பாயின்ட், வாட்ச்மேன் எதுவுமே இல்லாத கேம்ப்பிங். ஆங்கிலத்தில் 'பிரிமிடிவ் கேம்ப்பிங்' என்பார்கள். நம்ம ஊர் கீதாரிகள் பல தலைமுறைகளாக அதைப் பேர் வைக்காமலே செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கொஞ்சம் கழித்துப் பேசுவோம்.

முதல்ல ஒரு கசப்பு மாத்திரை

"காடுன்னா மேற்குத்தொடர்ச்சி மலைதானே, பக்கத்துலயே ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கே, அங்க போய் டென்ட் போட்டா என்ன?" என்று கேட்பீர்கள். கூடாது.

1988-ல் சாம்பல் நிற மலை அணில்களுக்காகச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் காடு, மேகமலையோடு சேர்த்து 2021 பிப்ரவரியில் புலிகள் காப்பகம் ஆனது. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம், ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் கால் வைப்பதே குற்றம். 30-வது பிரிவுப்படி உள்ளே தீ மூட்டுவதும் குற்றம். 'சும்மா டீ போட்டோம் சார்' என்பதெல்லாம் அங்கே பதிலாகாது.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்தது நினைவிருக்கும். சென்னை, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து மலையேறப் போனவர்கள் காய்ந்த புல்சரிவில் காட்டுத்தீக்குள் மாட்டிக்கொண்டார்கள். 23 பேர் இறந்துபோனார்கள். அவர்களும் நம்மை மாதிரி வாரக் கடைசியில் கிளம்பியவர்கள்தான். அதற்குப் பிறகு அதே ஆண்டு மலையேற்றத்துக்கென்று தனியாக விதிகளையே அரசு கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் வனத்துறையே 40 பாதைகளை ஆன்லைன் புக்கிங்கோடு திறந்தது. விருதுநகர் மாவட்டத்துச் செண்பகத்தோப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நிஜக் காடு பார்த்தே ஆகணும் என்பவர்கள் அங்கே புக் பண்ணி, வழிகாட்டியோடு பகலில் போய்விட்டு பகலிலேயே திரும்புங்கள். காட்டுத்தீ சீசனில் அதையும் நிறுத்திவிடுவார்கள், போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி தங்க, மண்ணில் வண்டி ஓட்ட, சமவெளிக்கு வாங்க.

அப்போ இங்க என்ன இருக்கு?

உண்மையைச் சொன்னால், முதல் பார்வைக்கு ஒண்ணுமே இருக்காது. கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியனின் சொந்த ஊர் மல்லாங்கிணறு. அவர் தன் கவிதைத் தொகுப்பு ஒன்றுக்கு 'வனப்பேச்சி' என்று பெயர் வைத்திருக்கிறார். வனமே இல்லாத ஊரிலிருந்து வனப்பேச்சியா என்று எனக்கு ஆரம்பத்தில் தோன்றியது. ஒரு ராத்திரி அங்கே தங்கின பிறகு தோன்றவில்லை.

நீங்கள் பார்க்கப்போகும் 'காடு' மூன்று வகை. ஒன்று, அறுவடை முடிந்த மானாவாரிக் காடு. இந்த ஊர்ப் பேச்சில் 'காட்டுக்குப் போறேன்' என்றால் வயலுக்குப் போகிறேன் என்று அர்த்தம். பருத்தி, மக்காச்சோளம், கம்பு, கொத்தமல்லி எல்லாம் மழையை மட்டும் நம்பி வெள்ளாமை ஆகிற நிலம். இரண்டாவது, கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேலங்காடு. தண்ணீர் கிடந்தால் கொக்கும் நாரையும் அடைகிற இடம். மூன்றாவது, எங்கே திரும்பினாலும் நிற்கும் சீமைக் கருவேலம். இந்த ஊர் மக்கள் வேலிக்கருவை என்பார்கள்.

இதில் மூன்றாவதுக்குத் தனிக் கதை இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்தின் வறண்ட பகுதிகளைச் சேர்ந்த இந்த மரம் இந்தியாவுக்கு வந்தது 19-ம் நூற்றாண்டின் கடைசியில். விறகுக்கும் வேலிக்கும் ஆகும் என்று பரப்பினார்கள். மாடும் ஆடும் நெற்றைத் தின்று, சாணியோடு விதையை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தன. கண்மாய், ஓடை, தரிசு எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது. 2022-ல் அயல் தாவரங்களை அகற்ற அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. இன்னொரு பக்கம், மழை பொய்க்கிற வருடத்தில் இதே மரத்தை வெட்டி மூட்டம் போட்டு, கரி விற்றுத்தான் பல வீடுகளில் உலை கொதிக்கிறது. வழியில் மண் பூசிய குவியலிலிருந்து வெண்புகை கசிந்தால் அதுதான் கரிமூட்டம். நின்று பார்க்கலாம். ஆனால், மேலே ஏறி போட்டோ எடுக்கிற வேலை வேண்டாம். உள்ளே நாள் கணக்கில் நெருப்பு கனன்றுகொண்டிருக்கும், மேல்மண் பொசுக்கென்று உள்வாங்கிவிடும்.

எப்போ போகலாம்?

மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை. அதாவது ஜனவரி, பிப்ரவரி. இந்த மாவட்டத்தின் வருட சராசரி மழை 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். மழை நின்று மண் இறுகி, கண்மாயில் இன்னும் தண்ணீர் கிடக்கும் காலம்தான் நமக்கு வேண்டியது. சித்திரை வெயிலில் டென்டுக்குள் படுப்பது இட்லிச் சட்டிக்குள் படுப்பது மாதிரி.

இன்னொரு விஷயத்தை எந்த டிராவல் பேஜும் சொல்லாது. அக்டோபர் கடைசியில் கமுதி அருகே பசும்பொன்னில் தேவர் குருபூஜை, செப்டம்பர் 11-ல் பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு தினம். அந்த நாள்களை ஒட்டி இந்தப் பக்கத்தில் போலீஸ் சோதனைச்சாவடிகள் இருக்கும், வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடுகள் இருக்கும். டென்டும் கத்தியும் கயிறுமாகப் போய் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம், அந்த வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

கரிசலில் வண்டி ஓட்டத் தெரியுமா?

மலைப்பாதையில் ஓட்டியவர்களுக்கும் கரிசல் புதுப் பாடம்தான். காய்ந்த கரிசல் பாறை மாதிரி இறுகி, கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அதே மண் நனைந்தால் ஊறி உப்பி, பசை மாதிரி ஆகிவிடும். செம்மண் சேற்றில் சக்கரம் சுற்றும். கரிசல் சேற்றில் சக்கரமே சுற்றாது. பைக்கின் முன் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அப்பி அப்பி, கடைசியில் கல்லு மாதிரி லாக் ஆகிவிடும். குச்சியை வைத்து நோண்டி எடுத்துவிட்டு பத்தடி போனால் மறுபடியும் அதே கதை.

போன தை மாதம் எங்களுக்கு இது நடந்தது. முந்தின நாள் ஒரு சின்ன தூறல்தான். 'மேப்ல ரோடு காட்டுதுடா' என்று ஒரு வண்டிப்பாதையில் இறங்கினோம். இருநூறு அடிகூடப் போகவில்லை. மூன்று பைக்கும் நட்டு வைத்த மாதிரி நின்றுவிட்டது. அந்த வழியாக வந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. "வெயில் ஏறட்டும் தம்பி. மத்தியானத்துக்கு மேல தானா உதுந்துரும். இப்பத் தள்ளுனீகன்னா கிளட்ச்சுதான் போகும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்படியே ஆச்சு. அன்றைக்குக் காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு எல்லாம் அந்த வரப்பில்தான்.

அதனால் கரிசலில் மழை பெய்து இரண்டு நாள் வெயில் அடிக்காமல் மண்பாதையில் இறங்காதீர்கள், ஃபோர் வீல் டிரைவ் இருந்தாலும் சரி. மேப்பில் கோடு இருந்தால் ரோடு என்று நம்பாதீர்கள், டீக்கடையில் கேளுங்கள். கண்மாய்க் கரையில் கார் ஏற்றுவதற்கு முன் இறங்கி நடந்து பாருங்கள். கரை நடுவில் மடை இருக்கும், கலுங்குக்குப் பக்கத்தில் பாதை திடீரென்று முடிந்துவிடும், திருப்ப இடமே இருக்காது. விதைத்த நிலத்தில் சக்கரத் தடம் பதிக்கவே கூடாது. காய்ந்து கிடக்கிற மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே விதை கிடக்கலாம். நம்முடைய ஒரு 'டிரிஃப்ட்' வீடியோ ஒருத்தருடைய ஒரு போக வெள்ளாமை.

காரியாபட்டிப் பக்கம் கல்குவாரிகளுக்குப் போகிற மண்பாதைகளும் உண்டு. லாரி போய்ப் போய் நல்லா அகலமாக, ஓட்டுவதற்கு ஆசையாக இருக்கும். உள்ளே போகாதீர்கள். 2024 மே 1-ம் தேதி ஆவியூர் அருகே ஒரு குவாரியின் வெடிமருந்து வெடித்து மூன்று பேர் இறந்த தாலுகா இது. கைவிட்ட குவாரிக் குட்டைகளில் குளிப்பதும் வேண்டாம். ஓரத்திலேயே பல ஆள் ஆழம் இருக்கும், ஏறி வரப் பிடிமானமும் இருக்காது.

முள்ளு... முள்ளு... முள்ளு!

இந்தப் பயணத்தின் வில்லன் பாம்போ திருடனோ இல்லை, வேலிக்கருவை முள். மரத்தில் இருக்கும் பச்சை முள்ளைவிட, வெட்டிப் போட்டுக் காய்ந்த முள்தான் மோசம். ரப்பர் செருப்பை அடியில் குத்தி மேலே வந்துவிடும். கட்டாயம் கட்டியான அடிப்பாகம் கொண்ட ஷூ. இந்த ஊர் மேய்ப்பர்கள் டயர் செருப்பு போட்டு நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. அரைஞாணிலோ சாவிக்கொத்திலோ முள்வாங்கி தொங்கும். நீங்கள் ஒரு ட்வீசரும் சேஃப்டி பின்னும் வைத்துக்கொண்டால் போதும். முள் ஒடிந்து உள்ளேயே தங்கினால் சீழ் பிடிக்கும், டாக்டரிடம் போய்விடுங்கள். கிளம்பும் முன் டி.டி ஊசி எப்போது போட்டோம் என்று யோசித்துக்கொள்வதும் நல்லது.

வண்டிக்கு? டியூப்லெஸ் டயர் என்றால் பஞ்சர் கிட்டும் குறைந்தது பத்து ஸ்ட்ரிப்பும், கைப்பம்ப்போ குட்டி ஏர் கம்ப்ரஸரோ. டியூப் டயர் என்றால் ஸ்பேர் டியூப். 'ஸ்டெப்னி இருக்கே' என்று கார்க்காரர்கள் அலட்சியமாக இருக்காதீர்கள். முள் ஒரு சக்கரத்தோடு நிற்காது. வேலியடைக்க முள் வெட்டிப் போட்ட இடமென்று தெரிந்தால் இறங்கி, ஒரு கவைக்கம்பால் ஒதுக்கிவிட்டு ஓட்டுங்கள். பகலில் முள் தெரியும், ராத்திரி ஹெட்லைட்டில் தெரியாது. இருட்டின பிறகு மண்பாதையில் ஓட்டவே கூடாது என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது.

'யாரு வீட்டுக்கு வந்தீக?'

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

வறண்ட மாவட்டங்களில் பல குடும்பங்களுக்கு ஆடுதான் பேங்க் பேலன்ஸ். பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட, ஆஸ்பத்திரிச் செலவுக்கு, கல்யாணத்துக்கு என்று ஒவ்வொரு ஆடாகத்தான் விற்பார்கள். ராத்திரியில் காரிலும் பைக்கிலும் வந்து ஆடு திருடிக்கொண்டு போவது இங்கே அடிக்கடி நடக்கிற விஷயம். இப்போது அவர்கள் இடத்தில் நின்று பாருங்கள். ராத்திரி ஒன்பது மணி. ஊருக்கு ஒதுக்குப்புறமான கண்மாய்க் கரையில் வெளியூர் நம்பர் வண்டி, நாலு இளவட்டப் பயல்கள், கையில் டார்ச். என்ன நினைப்பார்கள்?

எங்களிடமும் வந்தார்கள். மூன்று பேர், கையில் கம்பு. "எந்த ஊரு நீங்க? யாரு வீட்டுக்கு வந்தீக?" எங்களிடம் பதில் இல்லை, ஏனென்றால் நாங்கள் யார் வீட்டுக்கும் வரவில்லை. ஐ.டி கார்டைக் காட்டி, டென்டைப் பிரித்துக் காட்டி, கொண்டுவந்த ரொட்டியைக்கூடக் காட்டினோம். "ஆடு களவாங்க வந்தவகன்னு நெனச்சுட்டோம். இங்க படுக்காதீக, அடுத்த ஊர்க்காரன் பாத்தா கேக்க மாட்டான்" என்று ஊர் மந்தைக்குப் பக்கத்தில் கூட்டிவந்து படுக்க வைத்தார்கள். நாங்கள் அதிர்ஷ்டசாலிகள். இந்த மாதிரி நேரத்தில் கேள்வி முதலில் வருமா, அடி முதலில் வருமா என்பது யார் கையிலும் இல்லை.

எனவே, நாலு மணிக்குள் ஊருக்குள் போய்விடுங்கள். டீக்கடையில் உட்காருங்கள். என்ன விஷயமாக வந்தோம், எத்தனை பேர், எங்கே தங்கலாம் என்று நீங்களே முந்திக்கொண்டு பேசுங்கள். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர், கடைக்காரர், யாராவது ஒருத்தரின் பெயரும் போன் நம்பரும் கையில் இருக்க வேண்டும். ராத்திரி யாராவது கேட்டால் "இன்னார்ட்ட சொல்லிட்டுத்தான் இருக்கோம் அண்ணாச்சி" என்ற ஒரு வரிதான் உங்கள் பாதுகாப்பு. பெண்கள் மட்டும் போவதாக இருந்தால், தெரிந்தவர்களின் தோட்டம் இல்லாமல் இந்தப் பயணத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோபப்பட வேண்டாம், ஊரைக் குறை சொல்லவில்லை. கூப்பிட்டால் ஓடி வர ஒரு வீடு காது கேட்கும் தூரத்தில் இருக்கட்டும் என்கிறேன்.

தங்குவதற்கு எனக்குத் தெரிந்து சிறந்த இடம், யாராவது ஒரு விவசாயியின் பம்ப்செட் தோட்டம்தான். சொந்தப் பட்டா நிலம், கிணறு, ஒரு வேம்பு, ஒரு நாய். கண்மாய் அரசுச் சொத்து, அங்கே டென்ட் அடிப்பது ஊர் அனுமதியால் மட்டும் சரியாகிவிடாது. அய்யனார், கருப்பசாமி கோயில் தோப்புகள் நிழலாக, குதிரை சிலைகளோடு அழகாக இருக்கும். அங்கே படுக்க வேண்டாம். சில கோயில்களில் ராத்திரி ஆள் நடமாட்டமே கூடாது என்பது வழக்கம். உங்களுக்கு நம்பிக்கை இல்லாமல் போகலாம், அது அவர்கள் வீட்டுப் பூஜை அறை.

கீதாரியிடம் ஒரு டியூஷன்

அறுவடை முடிந்த நிலத்தில் நூற்றுக்கணக்கான செம்மறி ஆடுகள் நெருக்கமாகப் படுத்திருந்தால் அது கிடை. ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். அதற்காக நிலத்துக்காரர் காசோ தானியமோ கொடுப்பார். ஒரு நிலத்தில் சில ராத்திரி, பிறகு அடுத்த நிலம், அடுத்த ஊர். மந்தைகளை நடத்திப் போகிற தலைவர் கீதாரி. ராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் மாதக்கணக்கில் வீட்டுக்குப் போகாமல் இப்படியே நடப்பார்கள். வேம்பூர் ஆடு, கீழக்கரிசல் ஆடு என்று இந்த மண்ணின் பெயரிலேயே செம்மறி இனங்கள் உண்டு. வேம்பூர் ஆட்டை, வெள்ளை உடம்பில் செம்பழுப்புப் பொட்டு இருப்பதால், 'பொட்டு ஆடு' என்பார்கள்.

அவர்களுடைய கேம்ப்பிங் கிட்டைப் பாருங்கள். ஒரு கம்பளி, ஒரு தூக்குச்சட்டி, துரட்டிக் கம்பு, டார்ச், இப்போது ஒரு செல்போன். குட்டிகளை அடைக்கக் கவிழ்த்த கூடை மாதிரி குடாப்பு. அவ்வளவுதான். நாம் பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கிய பேக்பேக்கை ஒரு கீதாரி தூக்கிப் பார்த்துவிட்டு "இம்புட்டையும் ஒரு ராவுக்கா?" என்று கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. கிடைக்குப் பக்கத்தில் போவதென்றால் தூரத்திலிருந்தே குரல் கொடுத்துவிட்டுப் போங்கள். நாய் இருக்கும், அது உங்கள் ஐ.டி கார்டைப் பார்க்காது.

டென்ட் எங்கே, எப்படி?

கரிசல் வெடிப்புக்கு மேல் போடாதீர்கள். அந்த வெடிப்புகளில் தேளும் பாம்பும் குடியிருக்கும். சரளையோ செம்மண்ணோ கொஞ்சம் மேடான இடமாகப் பாருங்கள். குண்டாற்று மணல் மெத்தை மாதிரி இருந்தாலும் அதற்குள் வேண்டாம். மேற்குத்தொடர்ச்சி மலையில் பெய்கிற மழைதான் குண்டாறாகத் திருச்சுழி, கமுதி வழியாக ஓடுகிறது. இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே மேற்கே பெய்த தண்ணீர் வந்து சேரலாம். விறகுக்குவியல், வைக்கோல் படப்பு, இடிந்த சுவர் இவற்றிலிருந்தும் தள்ளி இருங்கள்.

பாம்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் ஆகிய நான்கும் தமிழ்நாட்டின் வறண்ட சமவெளிகளில் உண்டு. இதில் கட்டுவிரியன் ராத்திரியில் திரிவது, தரையில் தூங்குபவர்களைக் கடிப்பது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. எறும்பு என்று நினைத்துத் தூங்கிவிடுவார்கள். விடியும்போது வயிற்றுவலி, கண் இமை தூக்க முடியாமை, பேச்சு குழறல், மூச்சுத்திணறல். அதனால் திறந்தவெளியில் பாய் விரித்துப் படுக்கிற ரொமான்ஸ் எல்லாம் வேண்டாம். கீழே தைத்த தரை உள்ள டென்ட், ஜிப்பை முழுக்க மூடுங்கள். கயிற்றுக்கட்டில் கிடைத்தால் இன்னும் விசேஷம், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள். ஷூவை உதறாமல் போடாதீர்கள். ஒண்ணுக்குப் போக எழுந்தாலும் டார்ச் அடித்துத்தான் கால் வைக்க வேண்டும்.

கடித்தது தெரிந்தாலோ சந்தேகம் வந்தாலோ, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. மோதிரம், கொலுசு, வாட்சைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது உங்கள் வண்டியிலேயே கிளம்புங்கள். அருப்புக்கோட்டையில் அரசு மருத்துவமனை, விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கின்றன. விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். பாம்பைத் தேடிப் பிடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. 2024 நவம்பரில் பாம்புக்கடியை மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அறிவித்திருக்கிறது. விஷயம் அந்த அளவு சீரியஸ். சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியை ஆஃப்லைனில் சேவ் பண்ணி, வண்டியை ரோட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்திவிட்டுப் படுங்கள்.

அடுப்பு, தண்ணி, சாப்பாடு

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், குறைத்துக் கணக்குப் போடாதீர்கள். கோடையில் குடிதண்ணீர்க் குடத்தை வரிசையில் வைக்கிற ஊரில் போய் "அக்கா, கொஞ்சம் தண்ணி" என்று கேனை நீட்டக் கூடாது. கேட்டால் கொடுத்துவிடுவார்கள், பிரச்னையே அதுதான். கண்மாய்த் தண்ணீரை, காய்ச்சினாலும் குடிக்க வேண்டாம். வயலுக்கு அடித்த மருந்து காய்ச்சினால் போகாது.

அடுப்புக்கு மூன்று கல் போதும். வேலிக்கருவை விறகு நின்று எரியும், அனல் அதிகம், சட்டியை ரொம்ப நேரம் விட்டால் அடிப்பிடிக்கும். தரையைச் சுற்றி நாலடிக்குச் சருகு, தட்டை எல்லாம் கூட்டித் தள்ளிவிட்டு, ஒரு குடம் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பற்ற வையுங்கள். காற்று அடித்தால் அடுப்பே வேண்டாம். காய்ந்த சோளத்தட்டைக் காட்டில் ஒரு பொறி போதும், பக்கத்து நிலத்துக்காரரின் மாட்டுத் தீவனம் மொத்தமும் போய்விடும். படுக்கும் முன் சாம்பலில் தண்ணீர் ஊற்றி, கிண்டி, புறங்கையைப் பக்கத்தில் வைத்துச் சூடு இல்லை என்று உறுதி பண்ணுங்கள்.

சமையலில் ஹீரோயிசம் காட்டாதீர்கள். எங்களின் மட்டன் குக்கர் பிளான் ராத்திரி பதினொரு மணிக்குப் பச்சைக் கறியாக முடிந்தது. விருதுநகரில் எண்ணெய் பரோட்டாவைப் பார்சல் கட்டிக்கொண்டு வந்தவன் அன்று கடவுளாகத் தெரிந்தான். டாய்லெட்டுக்கு ஒரு சின்ன மண்வெட்டி. நீர்நிலையிலிருந்து நன்றாகத் தள்ளி, அரை அடிக்கு மேல் குழி, பிறகு மூடல். டிஷ்யூ, நாப்கின், பாட்டில் எல்லாம் ஒரு பையில் உங்களோடு திரும்பி வரட்டும். ஆடு பிளாஸ்டிக்கைத் தின்னும், தின்றால் செத்துப்போகும்.

ஒரு எச்சரிக்கை. "முயல் கறி இருக்கு, கௌதாரி இருக்கு, வேணுமா தம்பி?" என்று யாராவது ரகசியமாகக் கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காட்டு முயல், கௌதாரி, காடை எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. வேட்டையாடுவதும் வாங்குவதும் குற்றம், மாட்டினால் உங்கள் வண்டியும் சேர்ந்து போகும்.

ராத்திரி என்ன பண்றது?

மேலே பாருங்கள். அமாவாசையை ஒட்டிப் போனால் பெருநகர வானத்தில் பார்த்திராத கூட்டம் தெரியும். ஜனவரியில் எட்டு மணிவாக்கில் உச்சியில் சின்னக் கொத்தாக ஆறாமீன், அதற்குக் கொஞ்சம் கிழக்கே மூன்று நட்சத்திர இடுப்புப்பட்டையோடு ஓரியன், தெற்கே தனியாகப் பளிச்சென்று அகத்திய நட்சத்திரம். வாட்ச் இல்லாத காலத்தில் ஆறாமீன் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் கிடையில் ராத்திரியின் ஜாமத்தைக் கணக்கிட்டார்கள். ஜனவரியில் அது மேற்கே இறங்க ராத்திரி இரண்டு மணிபோல ஆகிவிடும். டிசம்பர் 13, 14 தேதிகளில் மழை விட்டுக்கொடுத்தால் ஜெமினிட் எரிநட்சத்திரங்களையும் பார்க்கலாம்.

தூங்கப்போன பிறகு திடீரென்று யாரோ திட்டுகிற மாதிரி ஒரு பறவை கத்திக்கொண்டே பறக்கும். பயப்படாதீர்கள், அது ஆட்காட்டி. ஆளோ விலங்கோ நடந்தால் காட்டிக்கொடுக்கும், அதனால் அந்தப் பெயர். காட்டுப்பன்றியாக இருக்கலாம், இந்தப் பக்கத்து விவசாயிகளின் பெரிய தலைவலி அது. மிச்சச் சாப்பாட்டை டென்டுக்குள் வைக்காமல் வண்டிக்குள் பூட்டுங்கள். ஸ்பீக்கரில் பாட்டு போடாதீர்கள். சரக்கு பாட்டிலோடு உட்கார்ந்தால், சாயங்காலம் டீக்கடையில் சம்பாதித்த நல்ல பெயர் எல்லாம் அரை மணி நேரத்தில் போய்விடும்.

ஞாயிறு ரூட்

விடிகாலை மயில் கத்தி எழுப்பிவிடும். திருச்சுழிக்குப் போங்கள். தேவாரப் பாடல் பெற்ற திருமேனிநாதர் கோயில் அங்கேதான். பக்கத்திலேயே 'சுந்தர மந்திரம்' என்ற வீடு. 1879 டிசம்பர் 30-ல் ரமண மகரிஷி பிறந்த வீடு. உள்ளே போய்ச் சும்மா பத்து நிமிடம் உட்காரலாம். குண்டாற்றங்கரையிலேயே பள்ளிமடத்தில் கல்வெட்டுகள் நிறைந்த பழைய சிவன் கோயில் இருக்கிறது, கூட்டமே இருக்காது.

அப்படியே கமுதிக்கு விட்டால் ஆற்றங்கரையில் சேதுபதிகள் காலத்துக் கோட்டையின் மிச்சம். அதே கமுதிப் பக்கம், வெயிலைத் தவிர ஒன்றும் விளையாது என்று சொன்ன நிலத்தில், 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. ரோட்டிலிருந்தே பேனல்கள் கடல் மாதிரி தெரியும். நேரமும் பெட்ரோலும் மிச்சமிருந்தால் இன்னும் தெற்கே, சாயல்குடி வழியில், மேலச்செல்வனூர்-கீழச்செல்வனூர் பறவைகள் சரணாலயம். தண்ணீர் கிடக்கிற வருடத்தில் கூழைக்கடாவும் நாரையும் நாட்டுக் கருவேல மரங்களில் கூடு கட்டியிருக்கும். தண்ணீர் இல்லாத வருடத்தில் வெறும் மரம்தான் இருக்கும், போகும் முன் டீக்கடையில் கேட்டுவிடுங்கள்.

திரும்பும்போது அருப்புக்கோட்டை வந்து, மதுரை-தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் ஏறுவதற்கு முன், ஒரு பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்தி நாலு டயரையும் தண்ணி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முள் உள்ளேயே ஒடிந்து உட்கார்ந்திருக்கும், காற்று மெதுவாகத்தான் இறங்கும். எங்கள் வண்டிகளிலிருந்து மொத்தம் ஏழு முள் எடுத்தார் அந்த அண்ணன். "எங்க, கம்மாக்குள்ளயா படுத்தீக?" என்று கேட்டுவிட்டு, பஞ்சருக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு காற்றுக்கு வாங்காமல் அனுப்பிவைத்தார்.